அலமாரிப் பலகையின் விளிம்புப் பட்டை: தரத்தைத் தீர்மானிக்கும் கலவை

கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடுகளில் இன்று செய்யப்படும் சமையலறை அலமாரி, துணி அலமாரி, தொலைக்காட்சி மேசை, பிள்ளைகளின் படிப்பு மேசை ஆகியவற்றில் பெரும்பாலானவை முழுமரத்தால் ஆனவை அல்ல. மரத்தூளையும் மரச்சீவலையும் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த சிப்போர்டு, எம்.டி.எஃப். போன்ற பலகைகளின் இரு பரப்புகளிலும் மெலமைன் தாளை ஒட்டி, அளவுக்கு வெட்டி, அவற்றைப் பொருத்துகிறார்கள். வெட்டிய இடத்தில் பலகையின் உள்ளிருக்கும் சீவல் அப்படியே வெளியே தெரியும். அந்த வெட்டுமுகத்தை மூடுவதற்கு ஒட்டப்படும் ஒடுங்கிய பிளாஸ்டிக் நாடாவைத்தான் தச்சர்களும் ஹார்ட்வேர் கடைக்காரர்களும் எட்ஜிங் என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை விளிம்புப் பட்டை, அல்லது சுருக்கமாகப் பட்டை என்று குறிப்பிடுவோம்.

பட்டை அழகுக்காக மட்டும் ஒட்டப்படுவதில்லை. மெலமைன் தாள் பலகையின் இரு பரப்புகளைக் காக்கிறது. நான்கு பக்க வெட்டுமுகங்களையும் காப்பது பட்டை ஒன்றுதான். காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் நம் ஊரில், மூடப்படாத வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சிப்போர்டு ஒருமுறை உப்பிவிட்டால், காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. பலகையின் பசையிலிருந்து மெல்ல வெளியேறும் ஃபார்மால்டிஹைடு வாயுவும் வெட்டுமுகத்தின் வழியாகவே எளிதில் கசியும் என்பதால், பட்டை வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கும் ஒரு காவல். அலமாரியின் மொத்தச் செலவில் பட்டைக்குப் போவது மிகச் சிறிய தொகை; ஆனால் அந்த அலமாரி எத்தனை ஆண்டு நிற்கும் என்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. தீபாவளிக்கு முன் சேமிப்பைத் திரட்டிச் சமையலறையைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் பலகையின் நிறத்தைப் பார்க்கின்றன, கீல் எந்த நிறுவனத்துடையது என்று விசாரிக்கின்றன. பட்டை எதனால் ஆனது என்று கேட்பவர்கள் அரிது. அதையும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செகாம்புட், கெப்போங் பக்கத்துக் கடைகளில் ஒரே அகலம், ஒரே தடிமன், கண்ணுக்கு ஒரே நிறம் என்று இரண்டு சுருள்கள் அடுத்தடுத்து இருக்கும். விலை மட்டும் வேறாக இருக்கும். அந்த விலை வேறுபாட்டின் பெரும்பகுதி, பார்த்தால் தெரியாத ஓர் இடத்தில், அதாவது பிளாஸ்டிக்கின் கலவைக்குள் இருக்கிறது. தடிமன் 0.4 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை பல அளவுகளில் கிடைப்பதால், தடித்த பட்டையே நல்ல பட்டை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2 மி.மீ. பட்டை அடி தாங்கும், அதன் முனையை உருட்டிச் சீவவும் முடியும் என்பது உண்மைதான். ஆனால் மோசமான கலவையில் செய்த 2 மி.மீ. பட்டையைவிட நல்ல கலவையில் செய்த 1 மி.மீ. பட்டை நீண்ட நாள் உழைக்கும்.

பிசினும் அதனுடன் சேர்பவையும்

நம் சந்தையில் மிக அதிகமாகப் புழங்குவது பி.வி.சி. பட்டை. பி.வி.சி. என்பது வெள்ளைத் தூளாகக் கிடைக்கும் ஒரு பிசின், அதாவது பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின், அதாவது உப்பிலிருந்து பெறப்படும் தனிமம். இத்தூளைத் தனியாக உருக்கிப் பட்டையாக இழுக்க முடியாது. உருக்குவதற்கு 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். ஆனால் அந்த நிலையை எட்டுவதற்கு முன்பே பிசின் சிதையத் தொடங்கி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். வெளியேறிய வாயுவே மேலும் சிதைவைத் தூண்டும். ஆகவே வெப்பத்தைத் தாங்க வைக்கும் நிலைப்படுத்தி, கருவியில் வழுக்கிச் செல்ல உதவும் மெழுகு, அடி தாங்கும் தன்மை தரும் ரப்பர் போன்ற சேர்மானம், நிறமி, நிரப்பி எனப் பல பொருள்கள் பிசினோடு கலக்கப்படுகின்றன. பிசினை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொன்றையும் அந்த நூறுக்கு இத்தனை பங்கு என்று எழுதுவது தொழிற்சாலை வழக்கம். பட்டையின் எதிர்காலம் அந்தக் கலவைச் சீட்டில் எழுதப்பட்டுவிடுகிறது என்றே சொல்லலாம்.

கலந்த தூள் உருகி, தட்டையான வாய் கொண்ட அச்சின் வழியே தகடாக வெளியேறும். அதன் முகத்தில் மரவரி அச்சிட்டு, மேலே ஒளியில் உலரும் மெல்லிய வார்னிஷ் பூசி, பின்புறத்தில் பசை பிடிக்க உதவும் பிரைமர் தடவி, 22 மி.மீ. போன்ற அகலங்களில் கீறிச் சுருளாக்குவார்கள். மரவரியும் பளபளப்பும் தலைமுடியைவிட மெல்லிய ஏடுகள். வாங்குபவர் கண் பார்ப்பது அந்த ஏட்டை. அலமாரியில் உழைப்பது அதன் அடியில் உள்ள உடல்.

சுண்ணத்தூள் எவ்வளவு?

கலவையில் மிக முக்கியமான, மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படும் பொருள் நிரப்பிதான். பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட், அதாவது மாவாக அரைத்த சுண்ணக்கல். பத்துமலை எந்தக் கல்லால் ஆனதோ, ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் குன்றுகள் எந்தக் கல்லால் ஆனவையோ, அதே கனிமம்தான். பிசினைவிட மிகவும் மலிவானது என்பதால், கலவையில் இதன் பங்கு கூடக் கூடப் பட்டையின் அடக்கவிலை இறங்கும்.

சுண்ணத்தூள் கலந்தாலே அது கலப்படம் என்று எண்ணிவிடக் கூடாது. அளவாகச் சேர்த்தால் அது பட்டைக்கு நன்மை செய்கிறது. பி.வி.சி. வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும். 2.4 மீட்டர் நீளமுள்ள பட்டை ஒட்டப்படாமல் தனியாக இருந்தால், வெப்பநிலை 20 டிகிரி உயரும்போது ஏறத்தாழ 3 மி.மீ. நீளும், அடியில் உள்ள பலகையோ அவ்வளவு நீளாது. இந்த இழுபறியை அன்றாடம் தாங்குவது பசைக்கோடு. கல் வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும் என்பதால், அளவான சுண்ணத்தூள் பட்டையின் விரிவைக் குறைத்துப் பசையின் சுமையையும் குறைக்கிறது. பட்டை ஒட்டும் இயந்திரம் ஓரங்களைச் சீவும்போது சீவல் இழுபடாமல் சுத்தமாக அறுந்து விழுவதற்கும் அது உதவும். நுண்ணிய மாவாக அரைத்து, ஒவ்வொரு துகளின் மேலும் ஸ்டியரிக் அமிலம் பூசப்பட்ட தூளாக இருந்தால், அது பிசினோடு நன்றாக இணங்கும். நம் நாட்டில் செம்பனை எண்ணெயிலிருந்தே ஸ்டியரிக் அமிலம் எடுக்கிறார்கள்.

அளவு மீறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பட்டைக்கு வலிமை தருவது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பிசினின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். இடையில் கல் துகள்கள் நெருக்கமாக நிறைந்துவிட்டால், சங்கிலிகள் தொடர்ந்து செல்ல இடம் இருக்காது. அத்தகைய பட்டையை வளைக்கும்போது பிசின் துகளை விட்டு விலகி, கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் ஆயிரக்கணக்கில் உண்டாகும். அந்த வெற்றிடங்களில் ஒளி சிதறுவதால் வளைத்த இடம் வெண்மையாகத் தெரியும். கருங்காலி நிறத்திலோ அடர்சாம்பல் நிறத்திலோ உள்ள ஓர் அலமாரிக் கதவின் மூலையை அருகில் சென்று பாருங்கள்: சீவிய ஓரம் நெடுகிலும், பென்சிலால் கோடு போட்டதுபோல், மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அது பெரும்பாலும் பசை அல்ல. பட்டைக்குள் இருக்கும் சுண்ணத்தூள்தான் வெளியே தெரிகிறது. தச்சர் சூட்டுக்காற்று அடித்து அந்த வெண்மையை ஓரளவு மங்கச் செய்யலாம். முற்றிலும் போக்க முடியாது.

கல் அதிகமுள்ள பட்டை மூலைகளில் சிறு சில்லுகளாக உதிரும். இயந்திரத்தின் கத்தியையும் அது சீக்கிரம் மழுங்கச் செய்யும். மழுங்கிய கத்தி அடுத்து வரும் நல்ல பட்டையின் ஓரத்தையும் கடித்துக் குதறும். சுங்கை பூலோ பகுதித் தளவாடப் பட்டறைகளைப் போல நாள் முழுதும் இயந்திரம் ஓடும் இடங்களில், மலிவுப் பட்டையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி கத்தியிலேயே போய்விடும்.

இவ்விடத்தில் ஒரு பரவலான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். சுருளைக் கையில் எடுத்து, கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று சொல்பவர்கள் உண்டு. பி.வி.சி. பட்டையைப் பொறுத்தவரை இது நேர் எதிர். பிசினின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிராம், சுண்ணக்கல்லின் அடர்த்தி 2.7 கிராம். மற்றச் சேர்மானங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 100 பங்கு பிசினுக்கு 10 பங்கு சுண்ணத்தூள் சேர்த்த பட்டையின் அடர்த்தி 1.46 அளவில் நிற்கும். 50 பங்கு சேர்த்தால் 1.67 ஆகிவிடும். அகலம், தடிமன், நீளம் மூன்றும் ஒன்றாக உள்ள இரண்டு பி.வி.சி. சுருள்களில் ஒன்று மற்றதைவிட ஏழில் ஒரு பங்கு கூடுதலாகக் கனத்தால், அந்தக் கூடுதல் கனம் கல்லின் கனம். பட்டை மீட்டர் கணக்கில் விற்கப்படுவதால், வாங்குபவர் அதை ஒருபோதும் எடை போட்டுப் பார்ப்பதில்லை.

எண்ணெயால் வரும் மென்மை

கல் மிகுந்த பட்டை உடையும் என்பது செய்பவருக்கும் தெரியும். உடையாமல் இருக்க அவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. குளோரினேற்றப்பட்ட பாலிஎத்திலீன் போன்ற, ரப்பர் தன்மையுள்ள சேர்மானத்தைப் போதிய அளவு சேர்ப்பது ஒன்று. அது பட்டைக்குள்ளேயே நிலைத்து நிற்கும், ஆனால் விலை கூடுதல். மற்றொன்று நெகிழ்வூட்டி எனப்படும் எண்ணெய் போன்ற திரவத்தைச் சேர்ப்பது. வேகவைத்த மீ நூடுல்ஸில் எண்ணெய் விட்டுக் கிளறினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நழுவுவதைப் போல, இத்திரவம் பிசினின் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை நழுவ விடுகிறது. பட்டை உடனே மென்மையாகிவிடும்.

ஆனால் நெகிழ்வூட்டி பிசினோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை. இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெப்பத்தில் அது மெல்ல மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும். பின்புறமாக நகர்ந்து பசைக்குள்ளும் புகும். எண்ணெய் வெளியேறிய அளவுக்குப் பட்டை சுருங்கும், விறைக்கும். எண்ணெய் புகுந்த பசையோ இளகும். ஒருபுறம் சுருங்க முயலும் பட்டை, மறுபுறம் பிடி தளர்ந்த பசை என்று இரண்டும் சேரும்போது, முதலில் மூலையில் ஒரு நகக்கண் அளவு இடைவெளி தெரியும். பிறகு அதில் தூசியும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கருங்கோடாகும். கடைசியில் துணி மாட்டி இழுபட்டுப் பட்டை உரிந்து வரும். வீட்டார் தச்சரின் பசையைக் குறை சொல்வார்கள். பல நேரங்களில் அந்தப் பழி அவருக்கு உரியதல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நெகிழ்வூட்டிகளில் சில உடல்நலம் காரணமாகவும் கட்டுப்படுத்தப்பட்டவை. தாலேட்டு வகையைச் சேர்ந்த ஆறு நெகிழ்வூட்டிகளைக் குழந்தைகளின் பொம்மைகளிலும் பராமரிப்புப் பொருள்களிலும் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்தியது. மலிவுக் கலவைகளில் சேர்க்கப்பட்டுவந்த குறுஞ்சங்கிலிக் குளோரினேற்றப் பாரஃபின்கள், நிலைத்து நிற்கும் கரிம மாசுகள் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2017 இல் இடம்பெற்றன. குழந்தைகளின் அறைக்கு அலமாரி செய்பவர்கள், கையில் எண்ணெய்ப்பசை படிவதுபோல் உணர்த்தும், கடுமையாக வாடையடிக்கும் பட்டையைத் தவிர்ப்பதே நல்லது.

நிறம் ஏன் மங்குகிறது

வெள்ளை அலமாரி சில ஆண்டுகளில் பட்டை மட்டும் மஞ்சளாகி நிற்பதைப் பலர் கண்டிருப்பார்கள். பலகையின் மெலமைன் தாள் வெள்ளையாகவே இருக்கும்; சுற்றிலும் பட்டை மட்டும் பழுப்பேறிச் சட்டம் போட்டதுபோல் தெரியும். காரணம் நிலைப்படுத்தியிலும் வெள்ளை நிறமியிலும் இருக்கிறது.

முன்பு சொன்னபடி, பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். அது வெளியேறிய இடத்தில் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக அமைந்து ஒளியின் நீலப் பகுதியை உறிஞ்சத் தொடங்கும். நம் கண்ணுக்கு அது மஞ்சள். நிலைப்படுத்தியின் வேலை, வெளியேறும் அமிலத்தைப் பிடித்து வைத்து இந்தச் சங்கிலித்தொடரைத் தடுப்பது. முற்காலத்தில் ஈய உப்புகள் மலிவாகவும் திறமையாகவும் இந்த வேலையைச் செய்தன. ஈயத்தின் நச்சுத்தன்மை காரணமாக இன்று கால்சியம்-துத்தநாக நிலைப்படுத்திகள் அந்த இடத்தைப் பிடித்துவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் பிறப்பித்த விதியின்படி, 0.1 விழுக்காடும் அதற்கு மேலும் ஈயம் உள்ள பி.வி.சி. பொருள்களுக்கு 2024 நவம்பர் இறுதியிலிருந்து அங்கே தடை உள்ளது. மறுசுழற்சிப் பொருள்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டுக்குத் தளவாடம் ஏற்றுமதி செய்யும் நம் தொழிற்சாலைகள் ஈயமில்லாப் பட்டைக்குச் சான்று கேட்டு வாங்குகின்றன. அதே கேள்வியை உள்ளூர் வாடிக்கையாளரும் கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெள்ளை நிறமியின் கதை இன்னும் நுட்பமானது. சுண்ணத்தூள் வெள்ளையாகத்தானே இருக்கிறது, அதுவே பட்டையை வெள்ளையாக்காதா என்று தோன்றும். ஆக்காது. ஒரு துகள் தன்னைச் சூழ்ந்த பொருளைவிட எவ்வளவு அதிகமாக ஒளியை வளைக்கிறதோ, அவ்வளவு நன்றாக அது மறைக்கும். ஒளியை வளைக்கும் அளவைக் காட்டுவது ஒளிவிலகல் எண். பி.வி.சி.யின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.54, கால்சியம் கார்பனேட்டுடையது ஏறத்தாழ 1.6, இரண்டும் அருகருகே இருப்பதால் சுண்ணத்தூள் பிசினுக்குள் பாதி கரைந்ததுபோல் மங்கிவிடும். வெள்ளை நிறமியான ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் எண் 2.7. அதனால்தான் வெள்ளைப் பட்டைக்கு அது இன்றியமையாதது. புற ஊதாக் கதிரை உறிஞ்சி அடியில் உள்ள பிசினைக் காப்பதும் அதுவே. விலை அதிகம் என்பதால் மலிவுப் பட்டையில் முதலில் குறைக்கப்படுவதும் அதுதான். அப்படிப்பட்ட வெள்ளைப் பட்டையை விளக்கின் எதிரில் பிடித்தால் பின்னால் உள்ள விரலின் நிழல் தெரியும். மேற்குப் பார்த்த சன்னல் உள்ள வீட்டில் அது நீண்ட நாள் வெண்மையாக இருக்காது.

மறுசுழற்சி செய்த பி.வி.சி. கலந்த பட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரே வகைக் கழிவைச் சுத்தமாகப் பிரித்து, நிலைப்படுத்தியை மீண்டும் சேர்த்துச் செய்தால் அதில் குறையில்லை. எது எது என்று தெரியாத கழிவைக் கலந்தால், வெட்டுமுகத்தில் கரும்புள்ளிகளும் சுருளுக்குச் சுருள் நிற வேறுபாடும் தென்படும்.

பி.வி.சி. அல்லாத பட்டைகள்

ஏ.பி.எஸ். என்பது ரப்பர் கலந்த வேறொரு பிளாஸ்டிக். அதில் செய்த பட்டையில் குளோரின் இல்லை. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வராது என்பதால் ஐரோப்பாவில் இதற்கு நல்ல வரவேற்பு உண்டு. அடர்த்தி 1.05 அளவில்தான் இருக்கும். அடி தாங்கும், சீவினால் நிறம் மாறாது, பி.வி.சி.யைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டையும் தாங்கும். ஆனால் அடி தாங்கும் திறனைத் தரும் பியூட்டாடையீன் ரப்பரே அதன் பலவீனமும் ஆகிறது. வெயில் படும் இடத்தில் புற ஊதாக் கதிர் அந்த ரப்பரைத் தாக்கி, தகுந்த பாதுகாப்புச் சேர்மானம் இல்லாவிட்டால் பட்டையை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும். தின்னர், ஆசிட்டோன் போன்றவற்றால் துடைத்தால் அதன் மேற்பரப்பு கரையும்.

பாலிபுரோப்பிலீன் பட்டை வேதிப்பொருள்களை நன்றாகத் தாங்கும். நீராவியும் சூடும் அதிகமாக உள்ள இடத்துக்கு ஏற்றது. அதன் மேற்பரப்பில் எதுவும் எளிதில் ஒட்டாது என்பதுதான் குறை. பின்புறத்தில் சிறப்பான பிரைமர் இல்லையென்றால், எவ்வளவு நல்ல பசையாலும் அது நிற்காது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பட்டையில் மரவரி பின்புறத்தில் அச்சிடப்படுவதால் ஆழமான தோற்றம் கிடைக்கும். வெயிலில் மஞ்சளாகாது, ஆனால் கூர்மையாக வளைத்தால் விரிசல் விடும்.

இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்வதைவிட, எங்கே ஒட்டப்போகிறோம் என்று பார்ப்பதே சரி என்பது என் கருத்து. மின்கெண்டியையும் சோறு வேகும் மின்பானையையும் மேல் அலமாரிக்கு நேர் கீழே வைத்துப் பயன்படுத்துவது நம் வீடுகளில் வழக்கம். அந்த நீராவி அன்றாடம் போய்ப் படுவது மேல் அலமாரியின் அடி விளிம்பில். சாமி அலமாரியிலும் இதே நிலைதான்: காமாட்சி விளக்கின் சுடருக்கு மேலுள்ள தட்டின் முன்விளிம்பு, சூடு நேராகப் படும் இடம். பி.வி.சி. ஏறத்தாழ 80 டிகிரியில் இளகத் தொடங்கும். வழக்கமாகப் பயன்படும் இ.வி.ஏ. பசை, அதாவது சூட்டில் உருகி ஆறினால் பிடிக்கும் பசை, அதற்கு முன்பேகூடப் பிடி தளரலாம். இத்தகைய இடங்களுக்கு ஏ.பி.எஸ். அல்லது பாலிபுரோப்பிலீன் பட்டையையும், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து நிரந்தரமாக இறுகும் பாலியூரிதேன் பசையையும் கேட்டு வாங்குவது தகும். தட்டை விளக்கிலிருந்து போதிய உயரத்தில் அமைப்பது அதைவிட முக்கியம்.

பின்புறமும் பார்க்க வேண்டும்

சுருளைப் பிரித்ததும் பலரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு செய்திகள் கிடைக்கும். நல்ல பட்டையின் பின்புறத்தில் பிரைமர் விடுபடாமல் ஒரே சீராகப் பூசப்பட்டிருக்கும். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் இடையிடையே திட்டுகளோ பூசப்படாத கோடுகளோ தெரியக் கூடாது. அடுத்து, அகலவாக்கில் பின்புறம் மிக மெல்லிய குழிவாக இருக்க வேண்டும். அந்தக் குழிவினால்தான் ஒட்டி அழுத்தும்போது பட்டையின் இரு ஓரங்களும் பலகையோடு இறுக்கமாகப் படிந்து, பசைக்கோடு வெளியே தெரியாமல் மறைகிறது. மாறாக நடுப்பகுதி புடைத்திருந்தால், எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் ஓரங்கள் தூக்கியே நிற்கும். கலவை சீராகக் கலக்காததும், அச்சிலிருந்து வந்த தகடு ஒரே அளவில் ஆறாததும் இந்தப் புடைப்புக்குக் காரணம்.

கடையிலும் வீட்டிலும் செய்து பார்க்கக் கூடியவை

கடைக்காரரிடம், "அண்ணே, இது பி.வி.சி.யா, ஏ.பி.எஸ்.ஸா? ஒரு சாண் துண்டு கொடுங்கள், பார்த்துவிட்டு வாங்குகிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்தத் துண்டை இரண்டாக மடித்து அழுத்துங்கள். லேசாக வெளுத்து, விரித்ததும் பெரிதும் பழைய நிறத்துக்கு வந்தால் கலவை நல்லது. சுண்ணாம்புக்கோடு போல் வெளுத்தாலோ, விரிசல் விட்டாலோ கல் அதிகம். கத்தியால் ஓரத்தைச் சீவிப் பார்த்தால், உட்புறத்தின் நிறம் முகத்தின் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

மடிக்கும் சோதனை ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. எண்ணெயால் மென்மையாக்கப்பட்ட பட்டை புதிதாக இருக்கும்போது அழகாக மடியும். அதைப் பிடிக்க ஒரே வழி வெயில்தான். நண்பகலில் வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே முன்கண்ணாடிக்குக் கீழுள்ள பகுதி நம் ஊரில் 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். துண்டின் நீளத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அங்கே சில நாள் போட்டுவையுங்கள். பிறகு எடுத்து அதே குறியின் மேல் வைத்துப் பாருங்கள். மீண்டும் மடித்தும் பாருங்கள். நீளம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தாலோ, முன்பு மடிந்த துண்டு இப்போது முறிந்தாலோ, அலமாரியில் அது என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு கடைகளின் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும்.

எந்தப் பிளாஸ்டிக் என்று சந்தேகம் வந்தால், சமையலறையிலேயே விடை உண்டு. ஒரு குவளையில் வெறும் நீர், இன்னொன்றில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பிட்ட நீர். வெறும் நீரிலேயே மிதந்தால் பாலிபுரோப்பிலீன். வெறும் நீரில் மூழ்கி உப்புநீரில் மிதந்தால் ஏ.பி.எஸ். இரண்டிலும் மூழ்கினால் பி.வி.சி. துண்டில் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளை விரலால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் குமிழியே துண்டைத் தூக்கிவிடும். கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. தயவுசெய்து வேண்டாம். பி.வி.சி. எரியும்போது வரும் வாயு, மூச்சுக்குழாயில் உள்ள ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

பட்டையை ஒட்டி முடித்த பின், அதே சுருளில் மிஞ்சியதிலிருந்து ஓரிரு மீட்டரைத் தச்சரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறமியின் கலவை ஒவ்வொரு முறையும் சற்று மாறும் என்பதால், பின்னாளில் அதே எண்ணுள்ள பட்டையைக் கடையில் வாங்கினாலும் நிறம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. இறுக்கிச் சுற்றாமல், தளர்வான வட்டமாக, வெயில் படாத அலமாரியின் உட்புறத்தில் வையுங்கள். பிரைமரும் நாளாக ஆக வீரியம் குறையும். ஆகவே ஆண்டுகள் கழித்து அதை எடுத்து ஒட்டும்போது, பின்புறத்தை மெல்லிய மணல்தாளால் ஒருமுறை தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுப் பசை தடவச் சொல்லுங்கள்.